செல்லம்மா அக்காவின் குளத்தைத் தேய்த்துக் கழுவிய கதை

கறிவேப்பிலைச் செடியில் பாதியைப் புழுவுக்கென்று விட்டுவைத்த என் செல்லம்மா அக்காவுக்கு,

நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தப்பை ஒப்புக்கொண்டாக வேண்டும். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்காக உங்கள் குளத்தை நான் சுத்தம் செய்துவிட்டேன், அக்கா. நன்றாகவே சுத்தம் செய்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்கள் குளம் என்றதும் படித்துறையும் தாமரையுமாக நினைத்துக்கொள்வார்கள். மும்பைச் செம்பூரில் அதற்கெல்லாம் எங்கே இடம்? நம் கட்டடத்தின் மொட்டைமாடியில் விரிசல் விட்டுக் கிடந்த கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க்தான் அது. பிளம்பரைக் கெஞ்சி அதை இடுப்பளவில் அறுக்க வைத்தீர்கள். விரிசல் மேல்பாதியோடு போயிற்று. அடிப்பாதியை என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவிலிருந்த மண் துண்டில் புதைத்தீர்கள். உள்ளே செங்கல்லைப் படிபோல அடுக்கினீர்கள். "எதுக்கு அக்கா படி?" என்று கேட்டேன். "உள்ள விழுந்தது ஏறி வரணும்லா டீச்சர்" என்றீர்கள்.

தாராவியில் குடியிருந்தபடி நகரத்துப் பூங்கா ஒன்றில் ஆயுசு முழுக்கத் தோட்ட வேலை பார்த்துவிட்டு, பிறகு நம் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தவர் நீங்கள். மாட்டுங்காவில் வளர்ந்து, அங்கேயே ஒரு பள்ளியில் முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவள் நான். தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை வண்ணச் சாக்பீஸில் நான் வரைந்தால் பக்கத்து வகுப்பு டீச்சர்கள்கூட வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் உயிருள்ள தலைப்பிரட்டையை ஓய்வு பெற்ற பிறகு, உங்கள் குளத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். "அப்போ இத்தன வருஷமா பாக்காமலேயா பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திய?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குளம் வைத்த பிறகு வந்த எட்டு வருஷத்தில் என் ஜன்னலுக்கு யார் யாரெல்லாம் வந்தார்கள்! அல்லி பூத்தது. தட்டான்கள் வந்தன. செங்கல் படியில் கொண்டைக்குருவிகள் வரிசையில் நின்று குளித்தன. செம்பருத்திக்குத் தேன்சிட்டு வந்தது. கறிவேப்பிலையில் பச்சைப் புழுவைப் பார்த்து நான் வேப்பெண்ணெய்க் குப்பியோடு ஓடி வந்த நாள் நினைவிருக்கிறதா? "என்ன டீச்சர், இப்படிப் பதறுதிய? புழு தொடாத இலைய நாம மட்டும் எப்படி நம்பித் திங்க?" என்று கேட்டீர்கள். இரண்டு வாரம் கழித்து அந்தப் புழு கறுப்புப் பட்டாம்பூச்சியாகி என் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து சிறகை உலர்த்தியது. அதற்கப்புறம் குப்பியை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

இவ்வளவு பார்த்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஆனி மாதம் முதல் மழை இறங்கிய வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். காரியத்துக்கு முன்னால் வீட்டைக் கழுவித் துடைப்பது நம் வழக்கம். உங்கள் மகள் மல்லிகா, தான் குடியிருக்கும் நெருளிலிருந்து வந்து மூன்றாம் மாடியில் உங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கீழே எனக்குக் கை சும்மா இருக்குமா? ஊரிலிருந்தும் தாராவியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அக்காவின் குளம் இப்படிப் பாசி பிடித்துக் கிடந்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. பித்தளைப் பாத்திரம் துலக்குகிற தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அடியிலிருந்த சேற்றை வாளி வாளியாக அள்ளி மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். அதில் அழுக்கு நிறத்தில் ஆறு கால் பூச்சிகள் நெளிந்தன. சீ என்று உதறினேன். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, டேங்கின் சுவரில் ஒரு கைப்பிடி வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. முதல் மாடியின் வாஷிங் மெஷின் குழாய் ஒழுகி சோப்பு நுரை வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வீட்டுக்காரியை மனசுக்குள் திட்டிக்கொண்டே சுரண்டி எடுத்தேன். பிறகு குழாய்த் தண்ணீரை நிரப்பி, அல்லியை மட்டும் புதுத் தொட்டியோடு இறக்கி வைத்தேன். காரியத்தன்று குளம் கண்ணாடி போல இருந்தது. விளிம்பில் விளக்கு ஏற்றினேன். வந்தவர்கள் எல்லாம் "எம்புட்டு சுத்தமா வச்சிருக்காவ" என்றார்கள். மல்லிகாவுக்கு அன்றைக்குப் பின்பக்கம் வர நேரமே இல்லை.

மூன்று வாரத்தில் கட்டடம் முழுக்கக் கொசு. ஆடியில் வழக்கமாக வரும் மாநகராட்சிக் கொசு பரிசோதனைப் பெண் டார்ச்சும் கரண்டியுமாக வந்தாள். ஒரு கரண்டி மொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கமாவும் கேள்விக்குறியுமாக நூறு புழுக்கள் துள்ளின.

"ஆன்ட்டி, முன்னால இங்க ஒரு மாஜி இருந்தாங்களே, அவங்க எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டாள். மாஜி என்றால் அம்மா, உங்களைத்தான். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அவங்க இருந்தவரை இதுல எனக்கு ஒண்ணும் கிடைச்சதில்லை. அடியில தட்டான் குஞ்சுங்க இருக்கும். கொசுப்புழுவைத் தின்னுட்டு என் வேலையை அதுங்களே பாத்துக்கும். இப்ப ஒண்ணையும் காணோமே? யாராவது கழுவினாங்களா?"

அந்த ஆறு கால் பூச்சிகள் என் கண் முன்னால் நெளிந்தன.

வகுப்பில் ஒரு உதாரணம் சொல்வேன். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு வகுப்பறையைத் திறந்து போட்டால் முதலில் உள்ளே நுழைவது யார்? வால்தனம் செய்கிறவன்தான். கொசுவும் அப்படித்தான். குடியிருந்தவர்களை நான் வெளியேற்றினேன். காலி அறை என்று தெரிந்ததும் அது வந்து முட்டையிட்டது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்ன உதாரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

விஷயம் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டி கூட்டத்துக்குப் போயிற்று. செக்ரட்டரி குல்கர்னி சாஹேபை உங்களுக்குத் தெரியாதா? பைக் நிறுத்த இடமில்லை என்று ரொம்ப நாளாகவே அந்த மண் துண்டின் மேல் அவருக்கு ஒரு கண். "டீச்சர்ஜி, டேங்கை மண் போட்டு மூடி மேலே பேவர் பிளாக் பதிச்சிடலாம். மாஜி பேர்ல ஒரு போர்டு வேணும்னாலும் வைக்கலாம்" என்றார்.

போர்டு! பைக் ஸ்டாண்டுக்கு உங்கள் பெயர்!

"தப்பு குளத்து மேல இல்லை சாஹேப், என் மேல. அடுத்த பரிசோதனை வரைக்கும் டைம் குடுங்க" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "அப்ப ஒரு புழு கிடைச்சாலும் மூடிடுவோம், ஒத்துக்கிறீங்களா?" என்றார். ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டு வந்து சமையலறையில் உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். தட்டான் குஞ்சை நான் எந்தக் கடையில் போய்க் கேட்பேன்?

அன்று சாயங்காலம் மல்லிகாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவும் செய்தாள் போலிருக்கிறது, ஆனால் அதற்குள் சிரிப்பு வெடித்துவிட்டது.

"டீச்சர், அது சோப்பு நுரை இல்ல. மரத்தவளை முட்ட போட்டு நுரையால மூடி வச்சிருக்கும். நுரைக்குள்ள இருந்துதான் குஞ்சு தண்ணில சொட்டும். அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாவ தெரியுமா? சாமிக்குப் படையல் வைக்கேன்னு சாமியவே தேச்சுக் கழுவிக் கொட்டிட்டியளேன்னு சொல்லியிருப்பாவ."

என்னால் சிரிக்க முடியவில்லை. உங்களை வழியனுப்ப என்று நான் செய்த முதல் காரியம், நீங்கள் கண்ணாகப் பார்த்துவந்ததை மூட்டை கட்டிக் குப்பையில் போட்டது. "என்னை மன்னிச்சுடு மல்லிகா" என்றேன். "மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும். ஒரு மூடி போட்ட வாளி எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலைல வாங்க" என்றாள்.

மறுநாள் காலை நெருளுக்குப் போனேன். அவள் பால்கனித் தொட்டியில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். வைத்தவரே நீங்கள்தானே? நாலு வருஷத்துக்கு முன்னால் நம் குளத்திலிருந்து அள்ளிக் கொடுத்த சேறு. "மகளுக்கு யாராவது சேறு சீதனம் குடுப்பாவளான்னு எங்க வீட்டுக்காரர் இன்னமும் கேக்காவ. கொட்டு கொட்டுன்னு சொன்னாவ, நான்தான் கொட்டல" என்றாள் மல்லிகா. ஒரு கை சேற்றை அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பிக் காட்டினாள். அழுக்கு நிறத்தில், ஆறு காலோடு, ஒன்று அசைந்தது. கும்பிடத் தோன்றியது, அக்கா.

பாதிச் சேற்றை வாளியில் வாங்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறினேன். லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், பக்கத்திலிருந்த மீன்காரம்மா வாளியையே பார்த்துக்கொண்டு வந்தார். வாஷி ஸ்டேஷன் தாண்டியதும் பொறுக்க முடியாமல் "என்ன மீன்?" என்றார். "மீன் இல்லை, சேறு" என்றேன். மூடியைத் திறந்து பார்த்தார். என்னையும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "நெருள்ல இருந்தா?" என்றார். "ஆமாம், செம்பூருக்கு." "ஏன், செம்பூர்ல சேறு கிடைக்காதா?" டப்பா முழுக்கச் சிரித்தது. ஆனால் கூட்டத்தில் இறங்க முடியாமல் நான் தவித்தபோது, வாளியை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வழி விலக்கிக் கொடுத்தது அந்த அம்மாள்தான்.

சேற்றைக் குளத்தில் இறக்கிய அன்றே அற்புதம் நடந்துவிடவில்லை. தட்டான் குஞ்சுகள் எண்ணிச் சில இருந்தன, கொசுப்புழு எண்ணி முடியாமல் இருந்தது. அதனால் காலையும் மாலையும் டீ வடிகட்டியோடு குந்தி உட்கார்ந்து நானும் புழு எடுத்தேன். முட்டிவலி உயிர் போயிற்று. முதல் மாடி வீட்டுக்காரி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "டீச்சர், நான் கொஞ்ச நேரம் எடுக்கட்டுமா?" என்று கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. சோப்பு நுரைக்காக அவளை நான் திட்டியது அவளுக்குத் தெரியாது. அவளும் வந்தாள். இரண்டு வடிகட்டிகள். மெல்ல மெல்ல எங்களுக்கு வேலை குறைந்தது. ஒரு வாரம் வடிகட்டியில் ஒன்றுமே விழவில்லை.

பிள்ளையாரைக் கரைக்கும் கணபதி விசர்ஜனம் முடிந்த பிறகு பரிசோதனை வந்தது. குல்கர்னி சாஹேபும் வந்து நின்றார். அந்தப் பெண் மூலைக்கு மூலை மொண்டாள். டார்ச் அடித்தாள். மறுபடி மொண்டாள். நான் என் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கரண்டியில் எதையோ எடுத்துக்கொண்டு நேரே சாஹேபிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இதுதான் சார் உங்க பில்டிங்கோட நல்ல வாட்ச்மேன். தூங்காது, சம்பளம் கேக்காது" என்று காட்டினாள். தட்டான் குஞ்சு! அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு பைக் இல்லையே?" என்றார். "இல்லை" என்றேன். "அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் குளம் இருக்கிறது, அக்கா. இருக்கிறது.

மரத்தவளைகள் மட்டும் இந்த வருஷம் திரும்ப வரவில்லை. முட்டையிடும் காலம் போய்விட்டது. அடுத்த மழைக்கு வருமா? நான் செய்தது அவற்றுக்குத் தெரிந்திருக்குமா? உங்களிடம்தான் கேட்க முடியும். நீங்களோ, "அது வரும்போது வரும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்கள்.

நன்றி எதற்கென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருஷா வருஷம் யாராவது ஒருவருக்குச் சேறு கொடுத்தபோது, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் கேலி செய்திருக்கிறேன். வாழைப்பழம் கொடுப்பார்கள், வெற்றிலை கொடுப்பார்கள், சேறு கொடுப்பார்களா என்று. ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்னைப் போல் ஒரு சுத்தக்காரி ஒரே காலையில் எல்லாவற்றையும் முடித்துவிடுவாள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தோ தெரியாமலோ, நான் அழித்ததை நீங்கள் நாலு வருஷம் முன்னாலேயே காப்பாற்றி வைத்திருந்தீர்கள். அதற்காக நன்றி, அக்கா. தலைப்பிரட்டைக்கு நன்றி, ஜன்னல் கம்பிப் பட்டாம்பூச்சிக்கு நன்றி, என்னைப் பார்த்துச் சிரித்ததற்கும் நன்றி.

இன்று காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் குல்கர்னி சாஹேபின் மனைவி, கையில் ஒரு பெயிண்ட் வாளி. "பால்கனியில ஒண்ணு வைக்கலாம்னு. அவர்கிட்ட இப்ப சொல்லாதீங்க" என்றார். குளத்துச் சேற்றை ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று கையை நிறுத்தி நிறுத்தித்தான் அள்ளினேன். பிறகு நீங்கள் அள்ளுகிற மாதிரி, முழங்கை வரை விட்டு அள்ளிக் கொடுத்தேன்.

இனி ஒவ்வொரு வருஷமும், முதல் மழைக்கு முன்னால், கேட்டவருக்கும் கேட்கத் தெரியாதவருக்கும் ஒரு வாளி போகும். இது வாக்கு. அடுத்தது கோவண்டியில் ஒரு பழைய மாணவிக்கு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நகத்திடுக்கில் உங்கள் சேறு இன்னும் போகாமல் இருக்கும்,
உங்கள் கூடப்பிறவாத் தங்கை,
கீழ்வீட்டு கமலா டீச்சர்