கரண்டிவாயன் இல்லாத வாரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நம் கடையிலிருந்து இரண்டு லாட்ஜுக்குத் துண்டுக் கட்டு போயிற்று. ஒருவன் படுக்கை விரிப்பில் வெள்ளை பத்தவில்லை என்று திருப்பி அனுப்பினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. மாற்றிக் கொடுத்தேன். வியாபாரத்தில் எனக்குக் கோபம் வராது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். வந்தது கோபம்.

அவளுக்கு வருடத்தில் ஒரு வாரம்தான் சேர்ந்தாற்போல் லீவு. கல்யாணமாகி வேறு தேசம் போனதிலிருந்து அந்த வாரம் என்னுடையது. இந்த வருடம் வீட்டுக்கு வரவில்லையாம். ஏதோ கடலோர நகரமாம். பனியும் கிடையாது, கொளுத்துகிற வெயிலும் கிடையாது, ஊருக்கு நடுவிலேயே காடு, சதுப்பு நிலம். அங்கே பறவை பார்க்கப் போகிறாளாம். யாரோடு? மாமியாரோடு!

"நீயும் வாயேன்மா, மூணு பேரும் போலாம்" என்றாள். வாயேன். கடை சாத்துகிற நேரத்தில் வந்தவருக்கு மிச்சத் துணியை எடுத்துக் காட்டுவது போல.

பிப்ரவரி 5, வியாழன்

சம்பந்தியம்மா பள்ளிக்கூடத்தில் செடி கொடி பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நேரில் சம்பந்தி என்பேன். இங்கே டீச்சர் என்றே எழுதுகிறேன், என் நோட்டுதானே.

காக்காய்க்கும் மைனாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்ந்த பெண் இவள். இப்போது "அந்தப் பறவை பேரு கரண்டிவாயன்மா, அலகு கரண்டி மாதிரியே இருக்கும், அத்தை சொன்னாங்க" என்கிறாள். அத்தை சொன்னாங்க, அத்தை காட்டினாங்க, அத்தைக்குத் தெரியும். நான் பெற்ற வாய்!

சாப்பிடும்போது இவரிடம் புலம்பினேன். கடையில் பில் போடுகிற மனிதர், வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஒரு பில் வைத்திருப்பார். "உனக்குத் தெரிஞ்ச பறவை கோழி ஒண்ணுதான். அதுவும் உரிச்சது" என்றார்.

நான் இரண்டாவது முறை சோறு போடவில்லை. அவரே எழுந்து போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். போகத்தான் போகிறேன். போவது மட்டுமில்லை, தேதி, அறை, படகு எல்லாம் என் கையில். "நீங்க ரெண்டு பேரும் பறவையைப் பாருங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று மகளிடம் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம்தான். லீவை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமாம், போட்டுவிட்டால் மட்டும் மாற்ற முடியாதாம்.

அந்த நகரத்தில் ஒரு ஓட்டல் என்னிடம்தான் துண்டு வாங்குகிறது. அங்கே கொள்முதல் பார்க்கிற நம்மூர்க்காரருக்குப் போன் போட்டேன். ஜூன் மாதம் என்றால் பாதி வாடகை, கடல் பார்த்த அறை, காலைச் சாப்பாடு இனாம். உடனே பேசி முடித்தேன். சீசன் இல்லாதபோது வாங்கு — துண்டு மூட்டையைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்ற காலத்திலிருந்து இதுதான் என் வழி. இது என்னைக் கைவிட்டதே இல்லை.

மத்தியானம் டீச்சர் போன் செய்தார். "சம்பந்தி, தேதி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லலாம்னு..." என்று ஆரம்பித்தார். பாடம்! "கடையில ஆள் வந்துட்டாங்க சம்பந்தி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

கடையில் ஒரு ஈ காக்காய் இல்லை.

பிப்ரவரி 14, சனி

ஜூன் இரண்டாம் வாரம் என்றதும் மகள், "கலக்கிட்டம்மா" என்றாள். டீச்சரிடம் எப்போதாவது இப்படிச் சொல்லியிருப்பாளா?

பிப்ரவரி 22, ஞாயிறு

டீச்சர் அவளுக்குப் பைனாகுலர் வாங்கி அனுப்பியிருக்கிறார். கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினாள். போன வருடம் நான் கொடுத்த கம்பளியைப் போர்த்தி ஒரு படம் உண்டா? கேட்கவில்லை. கேட்டால் சின்னத்தனம். நினைப்பது சின்னத்தனம் இல்லையா என்றால், அதற்கு யார் சாட்சி?

கடைத்தெருவுக்குப் போய் நானும் ஒன்று வாங்கினேன். அதைவிடப் பெரியது. மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பது தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கழுத்து வலிக்கிறது.

மார்ச் 5, வியாழன்

இன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன்.

அந்த ஊர் ஓட்டல்காரர் புதுத் துண்டுக்கு ஆர்டர் கொடுக்கப் போன் செய்தார். பேச்சுவாக்கில், "ஜூன்ல எதுக்கும்மா வர்றீங்க, கல்யாணமா?" என்றார்.

"பறவை பார்க்க."

சிரித்தார். "பறவையா? அதெல்லாம் குளிருக்கு வடக்கேருந்து வர்றதும்மா. வெயில் ஏறினா கிளம்பிடும். ஜூன்ல மழை, புழுக்கம், கொசு. அதனாலதானே ரூமெல்லாம் காலி."

ஓட்டல் காலியாக இருக்கும் மாதத்தில்தான் துண்டு மாற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? அதில்தானே சாப்பிடுகிறேன். ஏன் காலி என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே. எந்தச் சரக்கையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதவள், இதை மூட்டையோடு வாங்கிவிட்டேன். டீச்சர் சொல்ல வந்தது இதுதான்.

மகள் இன்னும் லீவு போடவில்லை. இன்றைக்கே சொன்னால் மாற்றிவிடலாம்.

மார்ச் 6, வெள்ளி

சொல்லவில்லை.

கல்லாவில் உட்கார்ந்து யோசித்தேன். பறவை இல்லையென்றால் டீச்சர் எதற்கு வருவார்? வரமாட்டார். அப்போது நானும் என் பெண்ணும் மட்டும். ஒரு வாரம் முழுக்க.

இவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சே டேமேஜ் சரக்கைத் தள்ளறியா? பெத்த பொண்ணு தலையிலயா?"

"அவ என் பொண்ணு. நான் தள்ளுவேன், வைப்பேன். உங்களுக்கென்ன?"

"எனக்கென்ன. கிழிஞ்ச துண்டை ஒருத்தனுக்கும் கொடுத்ததில்ல நீ. அதான் கேட்டேன்."

மனுஷன் வாயத் தெறந்தாலே முள்ளு. ஒரு வாரம்தானே கேக்கறேன்! இவ்வளவு வருஷம் தூக்கி வளத்தவளுக்கு ஒரு வாரம் கூடாதா?

மார்ச் 9, திங்கள்

மகள் லீவு போட்டுவிட்டாள். இனி மாற்ற முடியாது.

மார்ச் 18, புதன்

டீச்சர் வரவில்லையாம். முழங்கால் வலியாம். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றாராம். முழங்கால் வலி! போன மாதம் மலை ஏறிய படம் என் போனிலேயே இருக்கிறது.

ஜெயித்துவிட்டேன்.

சாப்பாடு இறங்கவில்லை. புழுக்கமாக இருக்கலாம்.

ஜூன் 9, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். விமான நிலையத்தில் மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இளைத்திருக்கிறாள். அறை பெரியது, துண்டு நம்முடையது, ஓரம் பிரியாமல் இருக்கிறது. சுவரெல்லாம் ஆலமரம் முளைத்து வேரைத் தொங்கவிட்டிருக்கிற ஊர். காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டுகிறது. ஓட்டலில் எங்களைத் தவிர யாருமில்லை. இதைத்தானே கேட்டேன்.

ஜூன் 11, வியாழன்

சதுப்பு நிலம். தண்ணீருக்கு மேல் நீளமாகப் பலகைப் பாதை. அதன் முடிவில், பறவைகளை மறைந்திருந்து பார்ப்பதற்கு ஒரு மரக் கூண்டு. மகள் ஜன்னலில் பைனாகுலரை வைத்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம் பார்த்தாள். சேறு. அதற்கப்பால் சேறு. அதற்கப்பால் மழை.

போனை எடுத்தாள். "அத்தை, ஒண்ணுமே இல்ல" என்றாள்.

பக்கத்தில் நிற்கிறேன் நான். கை நீட்டினால் படுகிற தூரம். அவள் சொன்னது அங்கே.

திரும்பும்போது கேட்டாள். "ஏன்மா, உனக்குத் தெரியாதா?"

"வாடகையைப் பார்த்தேன், பறவையைப் பார்க்கல" என்றேன். பாதி உண்மை. பாதி உண்மை விற்றுத்தான் பழக்கம் இல்லையே எனக்கு, குரல் காட்டிக்கொடுத்திருக்கும். அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சாப்பிடும்போது கடை எப்படிப் போகிறது என்றாள். நன்றாகப் போகிறது என்றேன். அப்பா எப்படி என்றாள். நன்றாக இருக்கிறார் என்றேன். அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு இல்லை. இத்தனை வருடம் வீட்டுக்கு வந்தபோது என்ன பேசினோம்? எனக்குக் கடை, அவளுக்குத் தூக்கம். பேசிய மாதிரியே ஒரு நினைப்பு.

ஜூன் 12, வெள்ளி

மகளுக்குத் தலைவலி, படுத்துவிட்டாள். மழை விட்டிருந்தது. கொடுத்த காசுக்கு அறையில் உட்கார மனம் வராமல் பலகைப் பாதைக்கு நான் மட்டும் போனேன்.

கடல் உள்வாங்கியிருந்தது. குனிந்து பார்த்தால், சேறு முழுக்க நண்டு. கட்டைவிரல் அகலம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை மட்டும் பெரிது, உடம்பை விடப் பெரிது, சிவப்பு. அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில். ஆயிரம் பேர் பஸ்ஸை நிறுத்துவது போல. வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். யாரிடம் சொல்வது? மகள் தூங்குகிறாள். இவரிடம் சொன்னால் நண்டுக் குழம்பைப் பற்றிக் கேட்பார்.

டீச்சருக்குப் போன் போட்டேன். நானாகப் போட்டது இதுதான் முதல் தடவை.

"என்ன சம்பந்தி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. இது என்ன நண்டு? ஒரு கைதான் கை, இன்னொண்ணு சும்மா பேருக்கு."

வீடியோவில் காட்டினேன்.

"ஆண் நண்டு சம்பந்தி. பொண்ணைக் கூப்பிடுது. படத்துலதான் பார்த்திருக்கேன். நான் அந்த ஊருக்குப் போனதெல்லாம் குளிர்காலம், இதெல்லாம் வளைக்குள்ள இருக்கும்." பிறகு, "நீங்க கொடுத்து வச்சவங்க. எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார். அந்த வார்த்தையை எவ்வளவு லேசாகச் சொல்கிறார்!

அதனால் நானும் சொன்னேன். "தேதி தெரியாமத்தான் போட்டேன் சம்பந்தி. தெரிஞ்சப்புறம் மாத்தியிருக்கலாம். மாத்தல."

"தேதியைப் பார்த்தப்பவே பறவை இருக்காதுன்னு தெரியும். நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கணும்னுதான் போட்டீங்கன்னு நெனச்சேன். அதான் அவகிட்டயும் சொல்லல."

"முழங்கால்?"

"நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். "அந்த ஓரத்துல ஒண்ணு பாருங்க, அதுக்கு இடது கை பெருசு. கொஞ்சம் கிட்ட காட்டுங்க."

பலகையில் குப்புறப் படுத்துக் காட்டினேன். இந்த வயதில். புடவையெல்லாம் சேறு. அவர் கேட்கக் கேட்க, தண்ணீர் ஏறி நண்டெல்லாம் வளைக்குள் போகும்வரை காட்டினேன்.

ஜூன் 13, சனி

மகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவளும் படுத்துவிட்டாள். இரண்டு பேர் முகத்திலும் சேறு.

ஜூன் 24, புதன்

ஊர் திரும்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கடையில் கும்பலாக இருந்த நேரத்தில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, நேத்து சாயங்காலம் பூரா உன் லைன் பிஸி. அத்தை லைனும் பிஸி."

"பேசிட்டிருந்தோம்."

"யாரோட?"

"அவங்க என்னோட, நான் அவங்களோட."

"அவ்வளவு நேரமா? என்னைப் பத்தியா?"

"இல்லடி. ஏதோ பூச்சியைப் பத்தி. என் கடைத் துணியில வந்து உட்கார்ந்தது. படம் எடுத்து அனுப்பினேன்."

"பூச்சியைப் பத்தி அவ்வளவு நேரம் யாராவது பேசுவாங்களா? உண்மையைச் சொல்லு, ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பேசினீங்க?"

சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். பிப்ரவரி முழுக்க என் தொண்டையில் இருந்த குரல்தான்.

"கடையில ஆள் வந்துட்டாங்க, அப்புறம் பேசறேன்" என்றேன். இந்த முறை நிஜமாகவே வந்திருந்தார்கள். அவள் நம்பவில்லை.