ஐம்பதில் ஒரு பங்கு யானை

சாரதி அனுமதிப்பத்திரம்கூட இல்லாமல் முப்பத்தொரு லொறி வைத்திருந்த என் அன்பு அண்ணாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதமாகிறது. சாப்பாட்டு மேசை இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை. எங்கள் பக்க வழக்கப்படி வீடு பெண்ணுக்கு என்று எனக்குத்தான் எழுதினார்கள். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் அதே வழக்கம்தான். நீங்கள் அதில் முதல் பாதியை மட்டும் மதித்தீர்கள். அதனால் வீட்டு உறுதிப்பத்திரம் என் பேரில், மேசை உங்கள் பேரில். நான் இன்றைக்கும் குசினிக்குள் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பகலெல்லாம் ஊராரின் இரத்தத்தைப் பார்த்தீர்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, கடையில் வாங்கிய உள்ளங்கை அளவு பொம்மை லொறிகளுக்கு வைத்தியம் பார்த்தீர்கள். அசல் லொறியின் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்கு மட்கார்ட், வைப்பர், இரும்புக் கறள், சேறு, கிழிந்த சீற்று. "நான் வாங்குறது பொம்மை இல்ல, பிழை. அதத் திருத்துறதுதான் வேலை" என்பீர்கள்.

கண்ணூறு படாமல் முன் பம்பரில் கட்டித் தொங்கவிடும் தேசிக்காய்க்காக நீங்கள் பட்ட பாடு எனக்கு மறக்காது. நான் கடுகு எடுத்துத் தந்தேன். அதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது தேசிக்காய் இல்ல, தோடம்பழம்" என்று திருப்பித் தந்தீர்கள். பிறகு ஒரு ரவை மணிக்கு மஞ்சள் பூசிக் கட்டினீர்கள். காலையில் எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அன்றைக்கு நீங்கள் வேலைக்கு லீவு போட்டதாக ஞாபகம்.

"இதால ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "உன்ட கந்தோர் அறிக்கைகளால ஆருக்கு?" என்று நீங்கள் தலை நிமிராமலே கேட்டீர்கள். அரச கந்தோரில் இருபத்திரண்டு வருசமாக ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதவள் என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நினைப்பு போன மாதம் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் சிவலிங்கண்ணன் வந்தார். தேற்றாத்தீவில் இருந்து முப்பது வருசம் ஒரே லொறியை ஓட்டிய மனிதர். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்வட்டைகளில் வெட்டுகிற நெல்லை ஏற்றி வந்த லொறி. இப்போது அதை உடைக்கக் கொடுத்துவிட்டார். அவரும் மனைவி பரமேசக்காவும் கனடாவில் இருக்கும் மகளோடு இருக்க ஒரேயடியாகப் போகிறார்கள். போகும்போது கையோடு கொண்டுபோக அந்த லொறியைச் செய்து தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்களாம்.

"லெப் ஐயா சொன்ன சொல்லு மாறமாட்டார், தங்கச்சி. அது முடிஞ்சிதா?"

"முடிஞ்ச மாதிரித்தான். பக்கக் கண்ணாடி ரெண்டும் இல்ல."

"கண்ணாடி இல்லாட்டியும் காரியமில்ல. நான் அதப் பாத்து ஓட்டினதுமில்ல."

இந்த வசனத்தை நான் அப்போதே குறித்து வைத்திருக்க வேண்டும்.

கண்ணாடிகளை நானே செய்தேன், அண்ணா. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை வெட்டி, உங்கள் இடுக்கியால் பிடித்து ஒட்டினேன். நான்காவது முயற்சியில் ஒன்று என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. கழற்ற முடியாமல் அப்படியே கந்தோருக்குப் போனேன். பத்து மணிவரை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதிகம் பேசாத அதிகாரியாக இருப்பதில் உள்ள ஒரே நன்மை அதுதான்.

சொன்ன நாளில் சிவலிங்கண்ணன் வந்தார். லொறியை இரண்டு கையாலும் வாங்கினார். சின்னவிரல் நகத்தால் ஸ்டியரிங்கைத் தொட்டார். "சீற்றுக் கிழிசல் வரைக்கும் வைச்சிருக்கார் மனிசன்" என்றார். பிறகு அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதென்ன, மூலையில?"

"நசுங்கல்."

"என்ட லொறியில நசுங்கலே கிடக்கல்ல."

"அண்ணன் அளந்து எழுதி வைச்சிருக்கிறார். வாசிக்கட்டா?"

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் உங்கள் கொப்பியை விரித்துவிட்டேன். ஆதாரத்தை எடுத்துக் காட்டுவதில் எனக்கு இருக்கும் ஆசை உங்களுக்குத் தெரியும். "பின் இடது மூலை. இரும்புச் சட்டம் இரண்டு அங்குலம் உள்ளே. பலகை இடுக்கில் நிறம்: சிவப்பு, வெள்ளை, சிவப்பு. சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். காவியும் சுண்ணாம்பும். கோயில் மதில். யானைக்கு இவ்வளவு நேரான மூலை இல்லை. தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம்."

கடைசி வரியையும் சத்தமாக வாசித்த பிறகுதான், அந்தத் தங்கச்சி நான் என்று எனக்கு விளங்கியது.

படிக்கிறவர்களுக்கு அந்த யானையையும் சொல்ல வேண்டும். ஐந்து வருசத்துக்கு முன் படுவான்கரையில் ஒரு பிள்ளையார் கோயிலின் மதில், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மதில், மூலையோடு இடிந்து விழுந்தது. விடியக்காலை வெள்ளென நெல் ஏற்றப் போன சிவலிங்கண்ணன் ஒரு ஒற்றைக் கொம்பன் யானை அதைத் தள்ளியதைக் கண்ணால் கண்டாராம். அவர் ஹோர்ன் அடித்து விரட்டியிராவிட்டால் மூலஸ்தானமும் மிஞ்சியிராதாம். அந்த வாரம் வட்டைக்குள் யானை இறங்கியது உண்மை. காலடியும் இலத்தியும் தாராளமாகக் கிடந்தன. கந்தோரிலிருந்து போய்ச் சேதத்தைப் பார்த்தது நான். "காட்டு யானை இடித்ததால்" என்று எழுதிக் கையொப்பம் வைத்ததும் நான்.

அந்த வருசத் திருவிழாவில் கோயிலை நடத்தும் வண்ணக்கர் சிவலிங்கண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். எனக்கு ஒரு மாலை. வீட்டுக்கு வந்ததும் அந்த மாலையோடு என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தது நீங்கள். லொறியைச் சுரண்டிப் பார்த்தது அதற்கு முன்னா, பின்னா? கொப்பியில் தேதி இல்லை. உங்களைப் போன்ற ஒருவர் தேதி போட மறப்பாரா?

சிவலிங்கண்ணன் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார்.

"பின்னுக்கு எடுக்கக்குள்ள பட்டுப்போச்சு, தங்கச்சி. மெல்லமாத்தான்."

"அஞ்சடி மதில் விழுந்து கிடந்திச்சு."

"மதிலும் பழசுதானே."

"அப்ப ஆனை?"

"ஆனை வந்ததுதான். அதுக்கு முதல் நாள்."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் லொறியை மடியில் வைத்து, அந்த மூலையைப் பெருவிரலால் மூடிக்கொண்டிருந்தார்.

"பரமேசு இதப் பாக்கப்படாது. முப்பத்தஞ்சு வருசத்தில அவ என்னப் பத்திப் பெருமையாச் சொல்ற ஒரே விசயம் அந்த ஆனதான். அங்க, மகள்ட வீட்டில, எனக்கு லொறியும் இல்ல, பாசையும் இல்ல. அந்தக் கதையும் போனா நான் அங்க ஆரு, சொல்லுங்க? ஒரு சொட்டு மண்ணிறம் பூசிவிடுங்க. லெப் ஐயா கோவிக்கமாட்டார்."

கோவிப்பீர்களா, அண்ணா? உங்கள் முப்பத்தொரு லொறியிலும் பொய்யான ஒரு ஆணி இல்லை. அவர் கேட்டது ஒரு பொய். அதே பொய்யின் கீழே என் கையொப்பமும் இருந்தது. சரி பார்ப்போம் என்று அவரை அனுப்பிவிட்டு, மண்ணிறப் புட்டியைத் திறந்தேன்.

பூசினேன். என் கைப்பழக்கத்தில் ஒரு சொட்டு என்பது ஒரு திட்டாக வந்தது. லொறியின் மூலையில் காய்ந்த சாணி ஒட்டியது போல இருந்தது. தின்னர் தொட்டுத் துடைத்தேன். என் மண்ணிறம் முழுவதும் போனது. உங்கள் சிவப்பு, வெள்ளை, சிவப்பு மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று நின்றது. அந்த இடத்துக்கு மட்டும் தனியாக வார்னிஷ் பூசியிருந்தீர்கள். யாரோ ஒருநாள் அழிக்க வருவார்கள் என்று தெரியுமா? அது நானாக இருப்பேன் என்றும் தெரியுமா?

அடுத்தது சுரண்டித் தேய்க்கும் மண்கடதாசி. அதையும் கையில் எடுத்தேன். ஒருமுறை பார்ப்போம் என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தேன். அந்த வெள்ளைக் கோட்டின் ஓரம் கீழே போகப் போக மங்கி, பலகையின் இடுக்குக்குள் போய் முடிகிறது. எத்தனை நாள் அதற்காகக் குனிந்திருந்தீர்கள் என்று தெரியாது. சிவலிங்கண்ணனின் கதைக்காக உங்கள் கண்ணைச் சுரண்ட என்னால் முடியவில்லை.

அதனால் மூடினேன். மழைக்கு நெல்மூட்டைக்கு மேல் போடும் படங்கு அசல் லொறியில் இருந்ததுதானே. பழைய பச்சைக் குடையில் ஒரு துண்டு வெட்டி, பின் இடது மூலையில் தாராளமாகத் தொங்கும்படி போட்டு, தையல் நூலால் கட்டினேன். அழிப்பது வேறு, மூடி வைப்பது வேறு. கந்தோர் வேலையில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த வித்தியாசம்தான்.

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது இருவரும் வந்தார்கள். படங்கைக் கண்டதும் சிவலிங்கண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி. அவர் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தார். பரமேசக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லொறியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எல்லாம் சரி, புள்ள. இந்த முடிச்சு மட்டும் பிழை."

"எந்த முடிச்சு?"

"படங்கு கட்டின முடிச்சு. இந்த மனிசன் இப்பிடிக் கட்டமாட்டார். இது கடையில பாசல் கட்டுற முடிச்சு. இத வைச்சுக்கொண்டு போனா முதல் பாலத்தில படங்கு பறந்திரும். இஞ்ச தாங்க, நான் கட்டுறன்."

முப்பது வருசம் அந்தக் கயிற்றின் மறுநுனியைப் பிடித்த பெண் என்பதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் என்றால் முதலில் முடிச்சைத்தான் கேட்டிருப்பீர்கள். அவர் நகத்தால் நூலை அவிழ்த்தார். படங்கு சரிந்தது. மூலையைக் கண்டார். மேசையில் கிடந்த உங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, இன்னொருமுறை கண்டார்.

"இதென்ன, சிவப்பும் வெள்ளையும்?"

சிவலிங்கண்ணன் தன் செருப்பைப் பார்த்தார். நான் சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தேன். நீங்கள் ஒரு உதவியும் செய்யவில்லை.

"கோயில் மதில்ட நிறம்தானே இது?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

பரமேசக்கா கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பியபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"அப்ப அந்த ஆன லொறியையும் சேத்துத் தள்ளியிருக்கு. மதிலோட நெரிச்சிருக்கு. நீங்க உள்ளுக்க இருந்திருக்கீங்க."

சிவலிங்கண்ணன் செருப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அஞ்சு வருசம், புள்ள. ஒரு சொல்லுச் சொல்லல்ல பாருங்க. நான் பயந்திருவன் எண்டு. ஹோர்ன் அடிச்சன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருந்திருக்கு இந்த மனிசன்."

"அது பெரிய தள்ளல் இல்ல" என்றார் சிவலிங்கண்ணன், மிகவும் அடக்கமாக.

பரமேசக்கா என்னிடம் வந்தார். "தங்கச்சி, நீங்கதானே போய்ப் பாத்து எழுதின ஆள். அப்பிடித்தானே நடந்திருக்கும்?"

"ஆனைக் காலடி தாராளமாக் கிடந்தது" என்றேன். அது உண்மை. அந்த அறிக்கையில் இப்போது எஞ்சியிருக்கும் உண்மையும் அது ஒன்றுதான். அதை எடுத்துத் திருத்துவதா? மதிலை ஊரார் எப்போதோ கட்டி, புதுக்கோடும் போட்டுவிட்டார்கள். யானை எனக்கு எதிராக முறைப்பாடு கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோப்பு இருக்கிற அலுமாரியைக் கடக்கும்போது நான் இப்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

பரமேசக்கா படங்கைத் திரும்பக் கட்டவில்லை. அந்த மூலை எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம். உங்கள் ஆய்வுகூடக் கண்ணாடித் தகடுகள் இருந்த மரப்பெட்டியில் பஞ்சு வைத்து லொறியைப் படுக்கவைத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட்டோவுக்குப் போனார். சிவலிங்கண்ணன் வாசலில் நின்றார்.

"லெப் ஐயா தெரிஞ்சும் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல" என்றார்.

"கோவமா, அண்ணன்? நான் அழிக்கல்ல."

அவர் யோசித்தார். "அங்க எல்லாரும் ஆனக் கதையத்தான் கேப்பாங்க. நானும் சொல்லத்தான் போறன், இனிக் கூட்டியும் சொல்லவேணும். நடந்தது தெரிஞ்ச ஒண்டாவது என்னோட கூட வரட்டும்."

ஓட்டோவுக்குள் இருந்து பரமேசக்கா கூப்பிட்டுச் சொன்னார்: "புள்ள, லொறிக்குப் பக்கத்தில வைக்க ஒரு ஆனையும் செய்து அனுப்புங்க. ஒற்றைக் கொம்பன்."

நான் யாருக்கும் இலகுவில் வாக்குக் கொடுக்காதவள். அன்றைக்குத் தலையாட்டிவிட்டேன். இப்போது மேசையில் களிமண் இருக்கிறது. ஐம்பதில் ஒரு பங்கு என்றால் யானை இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். முதலாவது பன்றியாக வந்தது. இரண்டாவதைக் கந்தோர்ப் பிள்ளைகள் யாரோ ஒரு மேலதிகாரி என்றார்கள். முன்காலில் ஐந்து நகம், பின்காலில் நான்கு என்று படித்திருக்கிறேன். நேரில் போய் எண்ணிச் சரிபார்க்கும் உத்தேசம் இல்லை.

ஆனால் செய்து அனுப்புவேன், அண்ணா. காதின் கிழிசல் வரைக்கும் சரியாக இருக்கும். உங்களுக்கு நான் தரும் வாக்கு ஒன்றுதான்: அந்த யானையின் நெற்றியிலோ துதிக்கையிலோ கொம்பிலோ, உடம்பில் எந்த இடத்திலும், காவியோ சுண்ணாம்போ ஒரு புள்ளிகூட இருக்காது.

இன்னும் களிமண் கை கழுவாத,
உங்கள் தங்கச்சி