வடிவிடம் சொல்லாமல் விட்டது

திருப்பருத்திக்குன்றம்,
காஞ்சிபுரம்.
12-8-1976

அன்புள்ள மேரி அக்காவுக்கு,

கனகமாலா வணக்கத்துடன் எழுதுவது. ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையை மழைக்கு முன் மாற்றினார்களா? அமெரிக்கா நமக்கு ஒரு வருடத்துக்குக் கொடுத்த செயற்கைக்கோளைத் திருப்பி நகர்த்திவிட்டார்கள். இனி உங்கள் ஊரில் டெலிவிஷன் பெட்டி சும்மாதான் கிடக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரிலிருந்து தறி வேலைக்காகப் புருஷனோடு அங்கே வந்த வடிவுக்குத் தெலுங்கு வராது. நிகழ்ச்சிகளைப் பற்றி ஜனங்களிடம் விசாரித்து எழுத வந்த நான்தான், பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தமிழில் சொல்வேன். மார்ச் மாதத்தில் ஒரு நாள், மெலிந்த குழந்தைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று காட்டினார்கள். வடிவு தன் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள். கீரை என்றேன், வேர்க்கடலை என்றேன். அடுத்து, தினம் ஒரு முட்டை என்றார்கள். அதை நான் சொல்லவில்லை.

"முட்டை மாதிரி இருக்குதேமா?" என்றாள். அன்று படம் தெளிவாக இல்லை. உருளைக்கிழங்கு என்றேன்.

"படிச்ச பொண்ணு நீ சொன்னா சரிதான். எனக்குத்தான் எதைப் பார்த்தாலும் கோழி நெனப்பு" என்று சிரித்தாள்.

அவள் வீட்டில் இரண்டு கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அந்த முட்டைகளைச் சந்தையில் விற்றுத்தான் பாப்பாவுக்கு வேர்க்கடலை வாங்கினாள். நடக்கும் வயது தாண்டியும், நான் கிளம்பிய நாளில்கூடப் பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

ஜைன வீட்டுப் பெண், பக்தியால் செய்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். கோயிலுக்கு நான் போவதே அபூர்வம். அந்தச் சொல்லைச் சொல்ல அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில், செய்தி முழுமையாகப் போய்ச் சேர்ந்தது என்றும் எழுதினேன். இரண்டு தேசங்கள் சேர்ந்து வானம் வழியாக அனுப்பியதை, அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் நான் நிறுத்திவிட்டேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். "அதை உன் வாயால சொல்லாம வந்தியேமா, அது போதும்" என்று சந்தோஷப்பட்டார். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

படிவத்தில் எழுதியது பொய் என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். வடிவுக்கு எழுத்து தெரியாது. அக்கா, நீங்கள் இன்றே அவள் வீட்டுக்குப் போக வேண்டும். மறதி, மொழிக் குழப்பம் என்று எனக்காக எதையும் சேர்க்காதீர்கள். கனகமாலா தெரிந்தே மறைத்தாள் என்று சொல்லுங்கள். அவள் திட்டினால் அதை அப்படியே எனக்கு எழுதுங்கள். ஆனால் என் பேச்சை எடுத்தால் நேரமாகிவிடும். முதலில் முட்டையைச் சொல்லிவிடுங்கள்.

பாப்பா சுவரை விட்டு நடக்கட்டும்.

உங்கள்,
கனகமாலா