உப்புக்கு மாறாத சிவப்பு

மச்சான், இன்று டத்தோ கிராமாட் சாலையில் டிராம் வண்டியின் மேல்கம்பி படபடவென்று பொறி கக்கியது. அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் என் கைகள் முறுக்கிக்கொண்டன. பக்கத்தில் நின்றவனை அறைந்திருப்பேன், பாவம், தப்பினான்.

ஆஸ்பத்திரிக்குத் தங்கநீர் செய்து அனுப்பும் நம் பட்டறை வாடை அது. காய்ச்சி வடித்த தண்ணீருக்குள் இரண்டு தங்கக் கம்பிகளை நெருக்கி வைத்து மின்சாரம் விடுவாய். உள்ளே வெடிக்கும். தங்கம் கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறி, தண்ணீர் வெற்றிலைச் சாறு மாதிரி சிவக்கும். புட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று ஒருநாள் அதை என் தலைக்கு மேலே எறிந்து உடைத்தாய்.

"சோப்பு, பசை ஒண்ணும் ஒட்டக்கூடாதுடா! ஒட்டுனா இது பொய் சொல்லும் லா!"

நோயாளியின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரைக் கலந்தால், மூளையில் நோய் இருக்கும்போது அந்தச் சிவப்பு நீலமாகும். இல்லையென்றால் சிவப்பாகவே நிற்கும். உன் தம்பிக்கு ஆஸ்பத்திரியில் சிவப்பாகவே நின்றது. ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, உன் மடியிலேயே செத்தான்.

கல்லறையிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தாய். அலமாரியிலிருந்த புட்டியில் உப்புத்தண்ணீர் விட்டாய். நல்ல தங்கநீர் உப்புப் பட்டதும் நீலமாகிவிடும். இது அசையவே இல்லை.

"என்ன கலந்தே?" என்று முதலாளியின் சட்டையைப் பிடித்தாய்.

"கொஞ்சம் ஜெலட்டின் பசை லா. இல்லேன்னா அடியில படிஞ்சி வீணாப் போவுது. யாருக்கு என்ன நட்டம்?"

அவன் மூக்கை உடைத்தாய். அலமாரியைச் சாய்த்தாய். "ஓடிடு மச்சான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசிப் புட்டியையும் உடைக்காமல் நகரமாட்டேன் என்றாய். அவனுடைய இரும்புத்தடி உன் பின்மண்டையில் இறங்கியது. தடியைப் பிடுங்கி அவன் முழங்கையை முறித்தேன். முறித்து என்ன புண்ணியம்? தரையில் எது தங்கநீர், எது உன் ரத்தம் என்று தெரியாமல் இரண்டையும் கையால் அள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாவி ஜெயிலில் இருக்கிறான். உன் கம்பிகளை இப்போது நான் பிடிக்கிறேன். ஒரு புட்டியில் உப்புப் போட்டு, நீலமானதைப் பார்த்த பிறகுதான் மற்றவற்றை அனுப்புகிறேன். போன வாரம் ஒருவனுக்கு நீலம் காட்டியதாம். வீட்டுக்கு அனுப்பாமல் வைத்தியம் பார்க்கிறார்கள். உன் தம்பி வயதுதான். பிழைத்துவிடுவான் என்கிறார் டாக்டர்.

கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சுவரில் ஓங்கிக் குத்தினேன், மச்சான். விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.