இரவல்காரிகளின் ஒழுங்கை

என் ஆசைக் கதீஜா ராத்தாவுக்கு,

உங்களுடைய நாற்பதாம் நாள் கத்தம் போன வெள்ளிக்கிழமை ஓதி முடிந்தது. நெய்ச்சோறு நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் உப்புக் குறைவு என்று சொல்லியிருப்பீர்கள். அழுதுகொண்டு இதை எழுதவில்லை, ராத்தா. கோபத்தோடு எழுதுகிறேன்.

உங்களை அடக்கம் செய்த அன்றே நம்முடைய ஒழுங்கை முனைக் கடையில் ஆம்பிளைகள் கதைத்தார்களாம்: "கிழவி போயிட்டா. இனி இரவல்காரியளின்ட கூத்தும் முடிஞ்சுது."

பாணுக்கு வரிசையில் நின்ற அந்தப் பஞ்சக் காலம் நினைவிருக்கிறதா? இவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு, குடித்துவிட்டு வந்து, பட்டப்பகலில் என்னை அடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் கதவைத் தட்டித் தேங்காய்த் திருவலை இரவல் கேட்டீர்கள். இரவல் கேட்டு வந்தவளை வாசலில் வைத்துக்கொண்டு எந்த ஆம்பிளையும் பெண்சாதியை அடிக்கமாட்டான் என்பது உங்கள் கணக்கு. நான் ஒரு மடைச்சி! உண்மையிலேயே தேங்காய் துருவத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து, திருவலையைத் தந்து கதவைச் சாத்திவிட்டேன்.

மறுபடியும் தட்டினீர்கள். "இது மட்டும் காணாது புள்ள, அரிசி புடைக்கச் சொளகும் ஒண்டு தா." உள்ளே வந்து அடுப்படியில் இருந்தும் விட்டீர்கள். பிறகு பக்கத்து வீட்டு அன்னம்மா பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி கேட்டு வந்தாள். இன்னொருத்தி இடியப்ப உரல். குசினி நிறையப் பெண்கள், ஒருத்தியும் போகிற மாதிரி இல்லை. இவர் கதிரையில் இருந்தபடி எல்லாரையும் பார்த்தார்.

"ஏன், உங்கட வீடுகளில ஒரு சாமானும் இல்லையோ?"

"இரிக்கி தம்பி. ஆனா ஒங்கட ஊட்டுச் சாமான்தான் எங்களுக்கு நல்லா வாய்க்குது" என்றீர்கள்.

அன்று தொடங்கியது. எந்த வீட்டில் அடிச் சத்தம் கேட்டாலும் இரவல் கேட்கப் போனோம். கோயிலுக்குப் போகிறவள், சேர்ச்சுக்குப் போகிறவள், தொழுகிறவள் என்று பார்க்கவில்லை. பிரசவம் என்றால் ஆஸ்பத்திரிக்கும், குழாய்த் தண்ணீர் கேட்டு நகரசபை வாசலுக்கும் அப்படியே சேர்ந்து போனோம். இரவல்காரிகள் என்று பட்டம் வைத்தார்கள். வைக்கட்டுமே!

இப்போதைய சங்கதியைக் கேளுங்கள். முனை வீட்டுக்கு யோகம் என்று ஒரு சாம்பல்தீவுப் பிள்ளை வாழ வந்திருக்கிறாள். புருசன் துறைமுகக் கங்காணி. நம்முடைய ஆண்களை ஒவ்வொரு நாளும் வேலைக்கு எடுப்பவன் அவன்தான். நேற்றுப் பின்னேரம் அவள் கத்தியது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

இவர் என் கையைப் பிடித்தார். "போகாத சரசு. நாளைக்கு என்னை வேலைக்கு எடுக்கமாட்டான். பிள்ளையள் என்னத்தத் தின்னுறது?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும். வாசல் படலையடியில் நின்று பார்த்தேன், ஒருத்தியும் வெளியே வரவில்லை. உங்களுக்குப் பயமே வந்ததில்லையா, ராத்தா?

நான் போய்த் தட்டினேன். யோகம் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் வாய் திறக்க முன்னமே, "திருவலையோ அக்கா? பொறுங்கோ, எடுத்துத் தாறன்" என்றாள். எங்கள் இரவல் கதை அவளுக்கும் எட்டியிருந்தது; அன்று நான் செய்ததுபோல, தந்து அனுப்பிவிடப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கங்காணி வந்து நின்றான்.

"என்ன வேணும்?"

உங்களிடம் பழகிய பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நான் இரவல் கேக்க வரேல்ல. நீர் அடிக்கிறது கேட்டு வந்தனான். இனி அடிக்கிறதெண்டால் எனக்கு முன்னால அடியும்."

"எங்களுக்கு முன்னால" என்று ஒரு குரல். திரும்பினேன். அன்னம்மா! அவளுக்குப் பின்னால் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள். கங்காணி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்று காலை இவரையும் இன்னும் சிலரையும் வேலைக்கு எடுக்கவில்லை. மத்தியானம் அடுப்பு எரிந்த வீடுகளிலிருந்து எரியாத வீடுகளுக்குச் சோறும் மீன்குழம்பும் வந்தன. இவரும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். நேற்றிலிருந்து யோகம் எங்கள் குசினியில்தான் இருக்கிறாள். அன்று நீங்கள் கொண்டுபோன திருவலையை இவ்வளவு காலமும் திருப்பித் தரவில்லையே, கள்ளி! கத்தத்தன்று உங்கள் மகள் கொண்டுவந்து தந்தாள். அதில்தான் யோகம் தேங்காய் துருவுகிறாள்.

நாளைக் காலையில் நாங்கள் எல்லோரும் துறைமுக வாசலுக்குப் போகிறோம், யோகமும் வருகிறாள். எங்கள் ஆண்களின் வேலையைத் திருப்பிக் கேட்கப் போகிறோம். தரும்வரைக்கும் அந்த வாசலை விட்டு எழும்பமாட்டோம். இது சத்தியம், ராத்தா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
இரவல்காரி சரசு