இரண்டாம் தடவை கிள்ளிய இலைகள்

டில்பர்க், புதன் மாலை

அன்பு மகளே,

இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு இங்கே வராதே.

கூரை ஒழுகியதை இலவசமாகச் சரிசெய்து கொடுத்த ரினுஸ் நல்லவன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். பதிலுக்கு அவன் கேட்டது நம் பரணறை. அங்கே விளக்குகளுக்கு அடியில் அவன் வளர்ப்பது கஞ்சா. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். தண்ணீர் ஊற்றுவது மட்டுமே என் வேலை.

நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில், குலைகளில் வெயில் பட வேண்டும் என்று திராட்சைக் கொடியின் இலைகளைக் கிள்ளுவோம். இங்கேயும் அப்படியே பெரிய இலைகளில் சிலவற்றைக் கிள்ளினேன். செடிகள் செழித்தன, ரினுஸே பாராட்டினான்; சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தது என்றேன். அந்தப் பெருமையில் பத்தாம் நாள் மறுபடியும், ஒன்றுவிடாமல் கிள்ளிவிட்டேன். மொட்டுகள் வளராமல் நின்றுவிட்டன.

நேற்று அவன் கத்தவில்லை. "என்னம்மா, சிஸ்டருங்க மொட்டையடிக்கவா சொல்லிக்குடுத்தாங்க?" என்று சிரித்தான். பிறகு அலமாரியிலிருந்த உன் மகளின் படத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது? அடுத்த அறுவடையாவது ஒழுங்கா வரணும்மா."

நேற்றிலிருந்து என்னை வெளியே விடுவதில்லை; ஞாயிறு பூசைக்குப் போக மட்டும் தடையில்லை. அங்கிருந்து நேரே காவல் நிலையம் போய், என் தவறையும் சேர்த்தே சொல்வேன். அதற்குள் நீங்கள் இருவரும் உன் மாமியார் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

எதிர்வீட்டுக்காரி இதைத் தபாலில் சேர்ப்பாள். நீ தொலைபேசியில் அழைக்காதே. அவன் ஆள் ஒருவன் கீழே சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். காபிக்குச் சர்க்கரை கேட்கிறான்.

உன் அம்மா