இரண்டாவது செக்கன்

6.5.1963, திங்கள்

வேகம் கூடுவதற்குப் பெயர் ஆர்முடுகலாம்; அதன் அலகு அடி/செக்கன்/செக்கன் என்று செல்லசாமி மாஸ்டர் கரும்பலகையில் எழுதினார். கை தவறி ஒரு செக்கனைக் கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று நினைத்து, நான் பெருந்தன்மையாக ஒன்றை விட்டுவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அது பிழையாம். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த அசீசாகூட!

7.5.63

வேகம் புரிகிறது. கொட்டகலையிலிருந்து அட்டனுக்கு பஸ் போகிறது. செக்கனுக்கு இத்தனை அடி. சரி. அதை ஏன் மறுபடியும் செக்கனால் பிரிக்க வேண்டும்? ஒருதரம் பிரித்தது போதாதா?

9.5.63

பதினாறாம் திகதி பௌதிகச் சோதனை. நாற்பது புள்ளி எடுக்காதவர்களை விஞ்ஞான வகுப்பிலிருந்து மனையியலுக்கு மாற்றுகிறார்களாம். எனக்கு ரொட்டி சுடத் தெரியும். அதற்கு ஒரு வகுப்பா? போக மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

13.5.63, திங்கள்

அம்மா தேயிலை மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதுமே, அங்கே வேலை வாங்கும் கண்டாக்கையாவை ஏசத் தொடங்கிவிட்டார்.

"முந்தியெல்லாம் நாளைக்குப் பதினாறு றாத்தல் கொழுந்து எடுத்தா முழுப் பேரு போட்டாங்க. போன கிழமை பதினெட்டு. இன்னிக்குக் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல இருபதுங்கிறாரு. கொறைஞ்சா அரைப் பேருதானாம், அரை நாள் சம்பளம். இப்படிக் கிழமைக்குக் கிழமை ரெண்டு றாத்தல் கூட்டிக்கிட்டே போனா, இது கையா மெசினா?"

என் ரொட்டி கருகியது. நாளைக்கு இத்தனை இறாத்தல் — அது வேகம். வாரா வாரம், கிழமைக்குக் கிழமை அது கூடுகிறது — அதுதான் ஆர்முடுகல்! இரண்டு இறாத்தல்/நாள்/கிழமை. காலம் இரண்டு தரம் வரத்தானே வேண்டும்!

"அம்மா, இன்னொருக்கா சொல்லுங்க!"

"நான் வயிறெரிஞ்சு பேசுறேன், இவளுக்குச் சிரிப்பு வருது" என்று அகப்பையைத் தூக்கினார்.

16.5.63

நாலாம் கேள்வியில் ஒரு கார். செக்கனுக்குச் செக்கன் அதன் வேகம் இரண்டடி கூடுகிறது. மளமளவென்று எழுதிவிட்டேன்.

பாதி வழி நடந்த பிறகுதான் உறைத்தது. என்ன அலகு எழுதினேன்? ஐயோ — இறாத்தல்/நாள்/கிழமை! கார் கொழுந்து பறித்திருக்கிறது. மனையியல்தான்.

17.5.63

இன்றைக்கும் ரொட்டியைக் கருக்கிவிட்டேன். மனையியலிலும் என்னை எடுக்க மாட்டார்கள்.

20.5.63, திங்கள்

மாஸ்டர் என் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்தார். "பூரணி, இந்தக் கார் எந்தத் தோட்டத்துல வேலை செய்யுது?"

எழுந்து நின்று அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருடைய அம்மாமார் மலையில்தானே நிற்கிறார்கள்.

"சரி, இந்தக் கிழமை கூட்டலேன்னா ஆர்முடுகல் எவ்வளவு?"

"பூச்சியம், சேர்."

"விளங்கியிருக்கு. ஆனா அலகு பிழை. ஒனக்கு அரைப் பேருதான்" என்று பாதிப் புள்ளி போட்டார். மொத்தம் நாற்பத்தொன்று! அசீசா மேசைக்கு அடியில் என் கையைக் கிள்ளினாள். நான் விஞ்ஞான வகுப்பிலேயே இருக்கிறேன்!

எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து விரல்களை வெந்நீரில் ஊறப்போட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

"இன்னிக்குப் பெரட்டுல றாத்தலைக் கூட்டலடி!"

'ஆர்முடுகல் பூச்சியம்!' என்று கத்த வாயெடுத்தேன். அந்த விரல்களைப் பார்த்ததும் குனிந்து, வெந்நீரில் கை விட்டு அவற்றைப் பிடித்துவிட்டேன்.

பூச்சியம்தான். ஆனால் வேகம் நாளைக்கும் இருபது.